ரேடியோவில் சொல்லாத பெயர்

“மிதி.”

“மிதிச்சுட்டேன்.”

“பிடி.”

“பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். சீக்கிரம் முடி, கால் நடுங்குது.”

வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்த இர்மினா பின்சக்கரத்துப் பிரேக்கில் காற்றை வெளியேற்றும் நிப்பிளை ஸ்பானரால் கொஞ்சம் தளர்த்தினாள். பிரேக் ஆயில் குமிழி குமிழியாகக் குழாயில் இறங்கிப் பழைய ஜாம் பாட்டிலில் சேர்ந்தது. இறுக்கினாள்.

“விடு.”

மேலே ஓட்டுநர் இருக்கையில் அப்பா காலை எடுத்தார். ஒரு பெருமூச்சு கேட்டது. “கியூபா வரைக்கும் போய் இஞ்சினியர் படிச்சுட்டு வந்து, அப்பன்கிட்ட மிதி, விடுன்னு ரெண்டே வார்த்தைதான் பேசுறே.”

“மூணு. பிடின்னும் சொன்னேன்.”

“அதுவும் சரிதான். நல்லாப் பாரு. ரெண்டு டென்மார்க்காரங்களை ஏத்திக்கிட்டு நாலு நாளு மலை சுத்தணும். பிரேக் நிக்கலேன்னா அவங்க கடலை ரொம்பக் கிட்டத்துல பாத்துடுவாங்க.”

“மிதி.”

நான்கு சக்கரமும் முடிந்தபின் அவர் மிதியை அழுத்திப் பார்த்துவிட்டுக் “கல்லு மாதிரி இருக்கு” என்றார். இர்மினா கை கழுவிவிட்டு மின்நிலையத்துக்கு இரவு வேலைக்குக் கிளம்பினாள். அது சனிக்கிழமை. புதன்கிழமை மத்தியானம் அவர் வேனின் இருக்கை உறைகளைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, வேனின் படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்க்கும்போது உறைகள் பாதி காய்ந்திருந்தன.

கரீபியன் தீவான டொமினிக்காவில் ஒருவர் இறந்தால் ரேடியோவில் சொல்ல வேண்டும். மத்தியானச் செய்தி முடிந்ததும் ஆர்கன் இசை வரும். ஊரே கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கும். இன்னாருக்கு மகன், இன்னாருக்கு அண்ணன், இன்னின்ன ஊர்களில் இன்னின்ன நண்பர்கள் என்று நீளமாகப் போய், ‘பெயர் சொல்லி முடியாத இன்னும் பலர்’ என்று முடியும். அப்பா அதைக் கேட்டு எப்போதும் ஒன்று சொல்வார். “எல்லாச் சாவுலயும் நான் அந்தப் ‘பல’ருக்குள்ளதான் இருக்கேன்.”

அந்த அறிவிப்பை எழுதியது யூலாலி அத்தை. அப்பாவுக்கு மூத்தவள். கோயிலில் முதல் பெஞ்சுக்காரி. ஞாயிற்றுக்கிழமை தொப்பியைத் தவிர மற்ற நாளுக்கும் தொப்பி வைத்திருப்பவள். ‘ட்ராஃபால்கர் ஊரைச் சேர்ந்த ஹிலாரியன் மோந்தெசீர்’ என்று எழுதி ரேடியோ நிலையத்துக்குப் போனில் படித்தாள். பக்கத்தில் இருந்த சித்தப்பா மெதுவாகச் சொன்னார். “ஸபோக்கான்னும் போட்டுடலாமே, அக்கா.”

“என் தம்பி கடையில தொங்குற காய் இல்ல” என்றாள் அத்தை. “போற நேரத்துலயாவது ஞானஸ்நானப் பேரோட போகட்டும்.”

ஸபோக்கா என்றால் அவர்கள் பேச்சில் வெண்ணெய்ப்பழம்; அப்பாவின் பட்டப்பெயர். இர்மினா அப்போது சவப்பெட்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தது. பெரிதாகத் தோன்றவில்லை.

அடக்கத்துக்கு ஊர்க்காரர்கள் வந்தார்கள். மின்நிலையத்து ஆட்கள் சீருடையோடு வந்தார்கள். முதல் ஆறு பெஞ்சுகள் நிறைந்தன. அதற்குப் பின்னால் கதவு வரைக்கும் வெறும் மரம். அத்தை இருநூறு பேருக்கு ஆட்டுச்சாறு வைத்திருந்தாள். பாதிக்குமேல் மிஞ்சியது. மாலை அதைப் பாத்திரம் பாத்திரமாக அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பும்போது இர்மினா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாழைத்தார் ஏற்றும் லாரி ஓட்டியவர் அவள் அப்பா. இங்கிலாந்துக்காரர்கள் தீவின் வாழைப்பழத்தை வாங்குவதை நிறுத்தியதும் லாரிக்கு வேலை போயிற்று. ஜப்பானிலிருந்து வந்த பழைய வேன் ஒன்றை வாங்கி, வெளியூர்க்காரர்களைத் தனியாக அழைத்துப்போய் நான்கு நாள், ஐந்து நாள் தீவைச் சுற்றிக்காட்டும் தொழிலில் இறங்கினார். இர்மினாவின் அம்மா செயின்ட் மார்ட்டினுக்கு ஓட்டல் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். அப்பா மகளுக்கு ஜடை பின்னக் கற்றுக்கொண்டார். மோசமாகப் பின்னினார். பயணம் போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் வேன் நிறைய எதையாவது கொண்டுவருவார். இது இன்னார் கொடுத்தது, அது இன்னார் கொடுத்தது என்பார். “ஒவ்வொரு வளைவுலயும் நமக்கு ஒரு சொந்தம் இருக்கு, தெரியுமா?”

பின்பெஞ்சுகள் காலியாகக் கிடந்த அன்றிலிருந்து அந்தப் பேச்சு அவளை அறுத்தது. வழிகாட்டிகள் சிரித்துப் பேசுவார்கள். சாலையோரத்தில் இருப்பவர்களும் சிரித்துப் பேசுவார்கள். வியாபாரம். அவர் அதைச் சொந்தம் என்று நம்பிக்கொண்டே இருபது வருடம் வண்டி ஓட்டிவிட்டார். அவளால் பொறுக்க முடியாதது அது ஒன்றுதான்.

டென்மார்க்கிலிருந்து ஓலேயும் கிர்ஸ்டனும் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. ஓலே ஓய்வுபெற்ற தபால்காரர். கிர்ஸ்டன் நர்ஸாக இருந்தவள். இர்மினா போனில் விஷயத்தைச் சொன்னாள்.  கிர்ஸ்டன், நாங்கள் வரவில்லை, நீ உன் அப்பாவுக்காக அழு என்றாள்.

“வாங்க” என்றாள் இர்மினா. “பிரேக் புதுசாச் சரிபண்ணியிருக்கு.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியும். அந்த வளைவுகளில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

முதல் நாள் சொந்த ஊர்ப் பக்கம். அருவி, வெந்நீர் ஊற்று. இர்மினா நல்ல வழிகாட்டி இல்லை. அருவிக்கு எதிரே அவர்களை நிறுத்தி, “மேல பாதித் தண்ணிய நாங்க குழாய்ல மின்நிலையத்துக்குத் திருப்பிடுறோம். இது மிச்சம்” என்றாள். ஓலேக்கு அது பிடித்துவிட்டது. டர்பைன் எங்கே, பார்க்கலாமா என்று கேட்டார். காட்டினாள். இந்தத் தீவில் மட்டுமே உள்ள கிளியைப் பார்க்க வந்த மனிதர் ஒரு மணிநேரம் டர்பைன் பார்த்தார்.

இரண்டாம் நாள் காலை மழையோடு மலை ஏறி, தீவின் நான்கு பாதைகளும் சேரும் போன்ட் காஸேக்கு வந்தார்கள். சந்தியில் தகரக்கூரைக் கடை ஒன்று. வேன் ஒதுங்கியதும் உள்ளே இருந்த பருத்த கிழவி திரும்பிக்கூடப் பார்க்காமல் கோக்கோ டீயை ஊற்றத் தொடங்கினாள். ஊற்றிக்கொண்டே திட்டவும் தொடங்கினாள்.

“வந்துட்டாரு ராசா. எத்தன நாளாச்சு? வேற எவளாவது இதவிட நல்லா டீ போடுறாளா? போடட்டும். பட்டை போடுவாளா? ஜாதிக்காய் போடுவாளா? உனக்குன்னு எடுத்துவச்ச கருவாட்டு ரொட்டிய நேத்து நாய்க்குப் போட்டேன். நாயாவது சொன்ன நேரத்துக்கு வருது.”

இர்மினா இறங்கி வந்து கூரைக்கடியில் நின்றாள். கிழவி நிமிர்ந்தாள்.

“நீ யாரு? ஸபோக்கா வண்டிய நீ ஏன் ஓட்டுறே?”

“நான் அவர் மகள், மா ஃபிலோ.” பெயரைக் கடைப் பலகையில் பார்த்திருந்தாள்.

“இர்மினாவா? மிஷின் படிச்சவளா? உன் ஜடை நல்லா இருக்கே. நீயே பின்னிக்கிறியா? அந்தாள் எங்க?”

“இறந்துட்டாரு, மா.”

கிழவி டீப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “இல்ல” என்றாள். கோபமாகவே சொன்னாள். “நான் தினம் ரேடியோ கேக்குறேன். ஒரு நாள் விட்டதில்ல. ஸபோக்கான்னு யாரும் சாகல.”

“ஹிலாரியன் மோந்தெசீர்னு சொன்னாங்க.”

கிழவியின் வாய் அசைந்தது. அந்தப் பெயரை ஒரு தடவை சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தாள்.

“அதக் கேட்டேன்” என்றாள். “ட்ராஃபால்கர், ஹிலாரியன் மோந்தெசீர். கேட்டேன். யாரோ பாவம்னு சொல்லி ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொன்னேன். சொல்லிட்டுக் குழம்பக் கிண்டினேன்.”

மழை தகரத்தில் அடித்தது. வேனுக்குள் ஓலேயும் கிர்ஸ்டனும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“யாரோன்னு நெனச்சு வேண்டியிருக்கேன்” என்று மறுபடியும் சொன்னாள் மா ஃபிலோ. “அந்தாளுக்குப் போய் யாரோ மாதிரி.” இடுப்பில் கட்டியிருந்த துணியை முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு அதே துணியால் மூன்று கோப்பைகளைத் துடைத்து டீ ஊற்றினாள். “குடி. அவங்களுக்கும் குடு. காசெடுத்தேன்னா கை ஒடைப்பேன்.”

இர்மினா குடித்தாள்.  பின்பெஞ்சுகள் ஏன் காலியாக இருந்தன என்று இப்போது தெரிந்தது. அவர்கள் வர விரும்பாமல் இல்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சொல்வது அவள் வேலையாயிற்று. பாலத்தடியில் இளநீர் விற்பவனிடம் சொன்னாள். பள்ளிக்கூட வாசலில் நின்ற சமையல்காரியிடம் சொன்னாள். கேட்டவர்கள் எல்லாரும் முதலில் இல்லை என்றார்கள். பிறகு எப்போது என்றார்கள். பிறகு கோபித்துக்கொண்டார்கள். கிர்ஸ்டனுக்கு மொழி புரியாவிட்டாலும் முறை புரிந்துவிட்டது. வண்டி நின்றதும் அவளே கணவனைக் கையைப் பிடித்துக் கடலைப் பார்க்க நடத்திப் போய்விடுவாள். இர்மினா பேசி முடித்தபின்தான் திரும்புவாள். ஒரு தடவை ஓலே, “நாங்க பாத்த கடலையே அஞ்சு தடவை பாத்துட்டோம்” என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் தீவின் ஆதிகுடிகளான கலினாகோ மக்களின் ஊரில் தங்கல். அங்கே வின்ஸ்லோ மரவள்ளி ரொட்டி சுடுகிறவர். வண்டிச் சக்கரம் அளவு இரும்புக் கல்லில் மாவைப் பரப்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அடுப்பிலிருந்து கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார். பாதி வெந்த ரொட்டி கல்லிலேயே கிடந்தது.

“இன்னிக்கு இனிமே சுடல” என்றார். “உக்காரு, பொண்ணே. பெரும்புயல் அடிச்சப்ப நீ எங்க இருந்தே?”

“கியூபாவுல. படிச்சுக்கிட்டிருந்தேன்.”

“உங்கப்பா உங்கிட்ட என்ன சொன்னாரு?”

இர்மினா யோசித்தாள். புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் போன் இல்லை. பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது. கடைசியில் ஒரு நாள் அழைப்பு வந்தது. “ரோடு கொஞ்சம் மோசம்னு சொன்னாரு. வண்டி ஓட்ட முடியல, நடந்துக்கிட்டிருக்கேன்னாரு. எங்க நடக்குறாருன்னு நான் கேக்கல.”

வின்ஸ்லோ சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “இங்கதான் நடந்தாரு. பாலம் இல்ல, ரோடு இல்ல, மரத்துல ஒரு எல இல்ல. தலைநகரத்துல யாரு இருக்கா, யாரு போனான்னு எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சேறு பூசிக்கிட்டு ஒரு ஆள் மலையிலேர்ந்து எறங்கி வர்றான். பாத்தா ஸபோக்கா. அந்த மரத்தடியில நின்னு ஒவ்வொரு பேரா சொன்னாரு. எல்லாம் மனசுலயே வச்சிருந்தாரு. வழியில எந்த ஊர்ல யாரப் பாத்தாலும் ‘அடுத்த ஊருக்கு என்ன சொல்லணும்’னு கேட்டுக்கிட்டே வந்திருக்காரு. எங்க ஆளுங்க பேர வாங்கிக்கிட்டு வடக்கே போனாரு. அங்கேயிருந்து சுத்திக்கிட்டு வீடு.”

“எவ்வளவு நாள்?”

“யாரு எண்ணுனா? என் தம்பி தலைநகரத்துல இருந்தான். அவன் உசுரோட இருக்கான்னு உங்கப்பா சொல்லல, கேட்டுக்க. ‘சந்தை கிட்டக் குழாயடியில சட்டை தொவைச்சுக்கிட்டிருந்தான், பச்சைச் சட்டை, ஒரு கை கிழிஞ்சிருந்தது’ன்னாரு. உசுரோட இருக்கான்னு மட்டும் சொல்லியிருந்தா எங்கம்மா நம்பியிருக்க மாட்டா. கிழிஞ்ச கையச் சொன்னதும் எழுந்து வந்து சாப்பிட்டா.”

இர்மினா கல்லில் கிடந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய கால்கள் ஞாபகம் வந்தன. அவள் படிப்பு முடித்துத் திரும்பியபோது இரண்டு கட்டைவிரலிலும் நகம் இல்லை. ஷூ சரியில்லை என்று சொன்னார். அவளும் பிறந்தநாளுக்கு ஷூ வாங்கிக் கொடுத்தாள்.

“நன்றி, அண்ணே” என்றாள்.

“எனக்கு எதுக்கு? ஆளத் தூக்கிக்கிட்டுப் போக எங்கள விடல நீங்க. அதுக்குத்தான் உங்க வீட்டு மேல கோவம்.”

மூன்றாம் நாள் அவள் சொல்ல வேண்டியதே இல்லாமல் போயிற்று. செய்தி முன்னால் போய்விட்டது. எதிரே வந்த மினிபஸ்கள் எல்லாம் ஹாரனை ஒரு தடவை நீளமாக அடித்துவிட்டுப் போயின. வடக்குக் கரையில் கலிபிஷி தாண்டும்போது சாலையோரத்தில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். வேனை நிறுத்தினாள். ஒரு பெண் பின்கதவைத் திறந்து ஒரு வாழைத்தாரை உள்ளே வைத்தாள். இன்னொருவர் சேப்பங்கிழங்கு மூட்டை வைத்தார். மூன்றாமவர் கட்டிப்போட்ட நண்டுகளை ஓலேயின் மடியில் வைத்துவிட்டு, “கடிக்காது, இறுக்கமாத்தான் கட்டியிருக்கேன்” என்று அவருக்குப் புரியாத மொழியில் சொன்னார். ஓலே தலையாட்டினார். போர்ட்ஸ்மத் போய்ச் சேரும்வரை தொலைநோக்கியைக் கழுத்திலும் நண்டை மடியிலும் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

போர்ட்ஸ்மத்தில் ஆற்றுப் படகுக்காரர் அல்ஃபியஸ் படகுத்துறையில் காத்துக்கொண்டிருந்தார். அறுபது வயது, துடுப்புப் போட்டே தோள் அகன்ற ஆள். விருந்தாளிகளுக்கு வணக்கம் சொல்லிப் படகில் உட்கார வைத்தார். பிறகு இர்மினாவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“உங்க அத்தைக்குப் போன் போடு.”

“எதுக்கு மாமா?”

“போடு. சத்தமா வை.”

போட்டாள். நான்காவது மணியில் அத்தை எடுத்தாள்.

“யூலாலி அக்கா, நான் அல்ஃபியஸ் பேசுறேன்.”

“எந்த அல்ஃபியஸ்?”

“போர்ட்ஸ்மத் அல்ஃபியஸ்.”

“எனக்குப் போர்ட்ஸ்மத்ல அல்ஃபியஸ் யாரும் தெரியாது. ராங் நம்பர்.”

“அக்கா, வச்சிடாதீங்க. அல்ஃபியஸ் டுராண்ட். ஆத்துப் படகு.”

“டுராண்ட்ல பத்துப் பேரு இருக்காங்க. என்ன வேணும் உங்களுக்கு?”

அல்ஃபியஸ் ஆற்றைப் பார்த்தார். துறையில் இருந்த மற்றப் படகுக்காரர்கள் இவரைப் பார்த்தார்கள். கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “தவளை” என்றார். “தவளை பேசுறேன்.”

“அடப்பாவி, தவளையா? முதல்லயே அப்படிச் சொல்ல வேண்டியதுதானே? நான் யாரோன்னு நெனச்சேன்.”

“அதத்தான் அக்கா நானும் சொல்ல வந்தேன்.”

 துறையில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் முதுகைத் திருப்பிக்கொண்டான். இர்மினா போனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

“ஹிலாரியன்னு சொல்லிப் பொதைச்சுட்டீங்க” என்றார் அல்ஃபியஸ். குரலில் இப்போது விளையாட்டு இல்லை. “நான் அன்னிக்கு இதே துறையில உக்காந்து டோமினோ ஆடிக்கிட்டிருந்தேன். ரேடியோ பக்கத்துலதான் இருந்துச்சு. பெட்டியில ஒரு முனை நான் பிடிச்சிருக்கணும், அக்கா. அந்தாளு எங்கப்பனுக்குப் பிடிச்சாரு.”

“அந்த ஸபோக்காக் காய் எப்படி உருண்டுச்சுன்னு உனக்குத் தெரியாது” என்றாள் அத்தை.  “முதல் நற்கருணை அன்னிக்குச் சட்டைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தான். மண்டி போட்டதும் விழுந்து பீடம் வரைக்கும் உருண்டுக்கிட்டே போச்சு. கோயில் மொத்தமும் சிரிச்சுது. சாமியாரும் சிரிச்சாரு. நான் முன்னால வெள்ளைக் கவுன் போட்டுக்கிட்டு நிக்கிறேன். அன்னியிலேர்ந்து அந்தப் பேரு எனக்கு ஆகாது.”

“பேரு உங்களுக்கு ஆகலேன்னா என்னக்கா. எங்களுக்கு அது ஒண்ணுதானே தெரியும்.”

அத்தை மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “எங்கம்மாவே சோத்துக்குக் கூப்பிடும்போது அப்படித்தான் கூப்பிடுவா” என்றாள். பிறகு, “இர்மினா, பக்கத்துல இருக்கியா?”

“இருக்கேன், அத்தே.”

“நாளைக்கு ரேடியோ போடு.”

நான்காம் நாள் மேற்குக் கரை வழியாகத் திரும்பினார்கள். கிளி கடைசிவரை கண்ணில் படவில்லை. ஓலே அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. பின்பக்கம் முழுக்க வாழைத்தாரும் கிழங்கும் ஈரப்பலாக்காயும் அடைத்திருந்தன. கிர்ஸ்டன் ஒரு பூசணிக்காயைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானச் செய்தி முடிந்து ஆர்கன் இசை தொடங்கியதும் இர்மினா மேரோ வளைவில் வண்டியை ஓரம் கட்டினாள்.

‘முன்பே அறிவிக்கப்பட்ட, ட்ராஃபால்கர் ஊரைச் சேர்ந்த ஹிலாரியன் மோந்தெசீர், எல்லாராலும் ஸபோக்கா என்று அழைக்கப்பட்டவர்’ என்று தொடங்கியது அறிவிப்பு. மாத நினைவுத் திருப்பலி வரும் ஞாயிறு. மகள் இர்மினா, அக்கா யூலாலி. பிறகு போன்ட் காஸே மா ஃபிலோ, ரொட்டி வின்ஸ்லோ, தவளை என்கிற அல்ஃபியஸ். அத்தை யார் யாரிடமோ கேட்டுச் சேர்த்திருந்தாள். அறிவிப்பாளர் இடையில் ஒரு தடவை மூச்சு வாங்கினார். கடைசியில் பெயர் சொல்லி முடியாத இன்னும் பலர்.

எதிரே வந்த மினிபஸ் ஒன்றும் நின்றிருந்தது. பென்வில் ஊருக்கு ஓடும் வண்டி. அதிலும் அதே ரேடியோ. ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“நெசமா?”

“நெசம்தான், அண்ணே.”

அவர் தொப்பியைக் கழற்றினார். உள்ளே இருந்த பயணிகளும் ஒருவர்பின் ஒருவராகக் கழற்றினார்கள். பின்னால் வந்த வண்டிகள் எதுவும் ஹாரன் அடிக்கவில்லை.

ஞாயிறன்று கோயிலில் பின்பெஞ்சுகள் முதலில் நிறைந்தன. தூரத்திலிருந்து வருகிறவர்கள் விடியும்முன்பே கிளம்பியிருந்தார்கள். பெஞ்சு போதாமல் படியிலும், படி போதாமல் கல்லறைச் சுவரிலும் உட்கார்ந்தார்கள். மா ஃபிலோ அடுப்போடு வந்திருந்தாள். டென்மார்க்காரர்கள் விமானத்தை இரண்டு நாள் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஓலே புதிய சட்டை போட்டிருந்தார்.

சாமியார் நம் சகோதரர் ஹிலாரியன் என்று தொடங்கினார். பின்னால் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. முதல் பெஞ்சில் யூலாலி அத்தை தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

“ஸபோக்கா, சாமி” என்றாள். “அப்படிச் சொன்னாத்தான் இவங்களுக்குப் புரியும்.”

சாமியார் அப்படியே சொன்னார். கோயிலில் சிரிப்பு பரவியது. அத்தையும் சிரித்தாள்.

வாசலில் நின்று இர்மினா ஒவ்வொருவர் கையையும் பிடித்தாள். பேச வராதவள். வந்ததுக்கு நன்றி, வந்ததுக்கு நன்றி என்று அதையே சொன்னாள். வேனில் வந்த கிழங்கும் காயும்தான் அன்றைக்குச் சாப்பாடு. மூன்று அண்டா. ஒன்றும் மிஞ்சவில்லை. அத்தை கழுவின அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கூட்டம் கலையும்போது பென்வில் மினிபஸ் ஓட்டுநர் இர்மினாவைத் தனியே கூப்பிட்டார்.

“எங்க ஊர்ல மா ஒஸிலியான்னு ஒருத்தி. கால் வராது, அதான் வரல. உங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா. சொல்ல எனக்கே கூச்சமா இருக்கு.”

“சொல்லுங்க.”

“உங்கப்பா அவளுக்கு ஒரு சேவல் கொண்டாந்து தர்றதாச் சொல்லியிருந்தாராம். கழுத்து மொட்டையா இருக்குமே, அந்த ஜாதி. லா ப்ளேன்ல யாரோ வளக்குறாங்களாம். அவ சேவல் செத்துப்போய் ரொம்ப நாளாச்சு. ஆள் போன நேரத்துல கேக்குறேன்னு தப்பா நெனைக்காதே, ஆனா என் கோழிங்களுக்கு அது தெரியாதுன்னு சொல்லச் சொன்னா.”

லா ப்ளேன் தென்கிழக்குக் கரை. பென்வில் வடக்கு முனை. போக வர ஒரு நாள் முழுக்க ஆகும். இர்மினா மா ஒஸிலியாவின் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. அட்டைப்பெட்டி ஒன்றில் காற்றுப் போகத் துளைகள் போட்டு, அடியில் காய்ந்த புல் பரப்பி, பின்சீட்டில் வைத்து பெல்ட் மாட்டினாள். கிளம்புமுன் போன் போட்டாள்.

“மா, எவ்வளவு பெரிய சேவலா வேணும்?”

“ரொம்பக் குஞ்சாவும் வேணாம், கிழமாவும் வேணாம்” என்றாள் கிழவி. “கால் மஞ்சளா இருக்கணும். சண்டைக்காரனா இருக்கக் கூடாது, சோம்பேறியாவும் இருக்கக் கூடாது. உங்கப்பாவுக்குத் தெரியும்.”

“அவரு இல்லியே, மா.”

“தெரியும்டி, கண்ணு. அதான் உங்கிட்டச் சொல்றேன். எழுதிக்கிட்டியா?”

“ஞாபகம் வச்சுக்கிறேன்” என்றாள் இர்மினா. மஞ்சள் கால், சண்டைக்காரன் இல்லை, சோம்பேறியும் இல்லை என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.